ஓரிரு இடங்களில்

வெள்ளியங்கிரி ஏறி இறங்கி ஒரு வாரம் ஆகிறது. முழங்கால் சரியாகிவிட்டது. சளி பாதி குறைந்துவிட்டது. மச்சினன் மேல் இருக்கும் கோபத்துக்குத்தான் எந்தக் கஷாயமும் கேட்கவில்லை.

கிளம்புவதற்குப் பல நாள் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வானிலை ஸ்கிரீன்ஷாட் போட ஆரம்பித்துவிட்டான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடும் பெரியப்பாவே அதை விட்டுவிட்டு, “இப்ப எத்தனை பெர்சன்ட் தம்பி?” என்று கேட்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. சிரிக்காதீர்கள், நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். ஊட்டியில் சொந்த அத்தை இருந்தாலும் அத்தையைக் கேட்பதில்லை, போனைத்தான் கேட்கிறோம். நானும் ராத்திரி போர்வைக்குள் மூன்று செயலிகளைத் திறந்து பார்த்தேன். எது எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னதோ அதை நம்பிவிட்டுத் தூங்கினேன்.

மலையேறுகிறவர்களுக்கு உருப்படியாக ஒரு விஷயம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்த நாற்பது சதவீதத்தை முடித்துவிடுகிறேன்.

‘மழைக்கு வாய்ப்பு 40%’ என்றது போன். அப்படியென்றால் என்ன? ஐந்து பேர் போவதாக ஏற்பாடு. ஐந்து பேருக்கும் ஐந்து விளக்கம். என் சகலை கணக்கு வாத்தியார். “முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸுங்க. இது நாற்பது எடுத்திருக்குது. மழை பாஸ்” என்று தீர்ப்புச் சொன்னார். மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்படியில்லீங்க. மலையில நாற்பது சதவீத இடத்துல பெய்யும்னு அர்த்தம்” என்றான். உடனே சகலை பேனாவை எடுத்தார். வெள்ளியங்கிரி மொத்தம் ஏழு மலை. ஏழு மலையில் நாற்பது சதவீதம் இரண்டு புள்ளி எட்டு மலை. எந்த இரண்டு புள்ளி எட்டு? முதல் இரண்டு மலையா, கடைசி இரண்டா? மிச்சமுள்ள புள்ளி எட்டு எந்த மலையில் வந்து விழும்? பெரியப்பா பழைய வாய்பாட்டுக்காரர். “ரெண்டே முக்காலே ஒருமா மலைன்னு சொல்லுங்கடா, விளங்கும்” என்றார். யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் கணக்கு சரியாக இருந்தது. சகலை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் நண்பர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. “எதுக்குங்க சண்டை? அஞ்சு பேருக்கு நாற்பது சதவீதம்னா ரெண்டு ரெயின்கோட். வாங்கிட்டுப் போயிடலாம்” என்றார். வாங்கினோம். கிளம்பும் அன்று மத்தியானம் போன் முப்பதுக்கு இறங்கியது. அப்படியானால் ஒன்றரை ரெயின்கோட். அந்த அரைக்குக் குடையைக் கணக்கில் எடுக்கலாமா, கூடாதா என்று காந்திபுரத்திலிருந்து பேரூர் வரை காரில் விவாதம். ராத்திரி பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டிருந்தபோது அது இருபதாகிவிட்டது. ஒரு ரெயின்கோட்டைக் காரிலேயே போட்டுப் பூட்டிவிட்டு, மிச்சம் ஒன்றோடு ஐந்து பேர் ஏறினோம். கணக்கில் யாரும் ஒரு பிழை சொல்ல முடியாது.

போன் பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். உலகம் முழுவதற்கும் வானிலைக் கணக்குப் போடும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு கட்டம் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வெள்ளியங்கிரிப் பாதை ஒருவழி ஆறு கிலோமீட்டர் போலத்தான். அந்தக் கணக்கில் வழியில் வரும் வெள்ளை விநாயகரும் கைதட்டிச் சுனையும் பீமன் களியுருண்டையும் ஆண்டி சுனையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகும். ஏழு மலையையும் சப்பாத்திக் கட்டையால் தேய்த்துப் பரத்தி, அதற்கு ஒரு சூரியன் படம் ஒட்டிக் கொடுக்கிறார்கள். போனில் மேலே ‘ஆலாந்துறை 26°’ என்று போட்டிருந்தது. ஆலாந்துறையில் இருந்தவர்கள் சௌக்கியமாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏழாம் மலை 1,700 மீட்டருக்கு மேல். கழித்துப் பார்த்தால் எட்டு டிகிரிக்குமேல் குறைகிறது. காற்றையும், வியர்வையில் நனைந்த பனியனையும் இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆறாவது மலையில் அதிகாலை மூன்று மணிக்கு அந்தப் பனியனில் காற்று அடித்தபோது, சகலை பாறை மறைவில் உட்கார்ந்துகொண்டு காரில் கிடக்கும் ரெயின்கோட்டைப் பற்றி மட்டும் பேசினார்.

நம் பஞ்சாங்கம் மாசி, பங்குனியைப் பின்பனிக்காலம் என்கிறது. சித்திரைதான் இளவேனில். பங்குனி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இது கிண்டலாகத் தோன்றும். ஏழாம் மலையில் விடியற்காலை நின்று பார்த்தால்தான் பஞ்சாங்கம் எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று ஒரு சந்தேகம் வரும்.

மலைமேல் என்ன வானிலை என்று தெரிய வேண்டுமானால் மலைமேல்தான் குடியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பென் நெவிஸ் உச்சியில், 1,345 மீட்டர் உயரத்தில், 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை நிலையம் நடத்தி, ஆட்கள் அங்கேயே தங்கி, பனியிலும் புயலிலும் மணிக்கு ஒருமுறை வெளியே போய் அளவெடுத்தார்கள். அவர்கள் கையில் போன் இல்லை, பாவம்.

சரி, வெள்ளியங்கிரிக்கு வருவோம். சுவாமி தரிசனம் ஆயிற்று, சூரிய உதயமும் ஆயிற்று, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இறங்கலாம் என்றேன். “மச்சான், நாலு மணி வரைக்கும் சன்னின்னு போட்டிருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு மச்சினன் ரீல்ஸ் எடுக்கப் போய்விட்டான். பங்குனி, சித்திரையில் மலையில் காலை வானம் சுத்தமாக இருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. சுத்தமாக இருந்தால்தான் வெயில் சரிவுகளில் நன்றாக விழும். சரிவு சூடாகும், சூடான காற்று பள்ளத்தாக்கின் ஈரத்தை வாரிக்கொண்டு மேலே ஏறும், பதினோரு மணிக்கு உச்சியில் பஞ்சாக நிற்கும், இரண்டு மணிக்குக் கறுக்கும், பிறகு இடிக்கும். அன்றும் இடித்தது. வழுக்குப் பாறையை நெருங்கும்போது விழுந்த ஆலங்கட்டி ஒன்று என் காலருக்குள் நுழைந்து இடுப்பு வரை உருகாமல் போய்ச் சேர்ந்தது. இருந்த ஒரே ரெயின்கோட்டை மச்சினன் எடுத்துப் போனுக்குப் போர்த்தினான். சிக்னல் போய் வெகுநேரமாகியிருந்தது. திரையில் சூரியன் சிரித்துக்கொண்டே இருந்தது.

வானிலை ஆய்வு மையம் ‘மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை’ என்று சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறோம். அந்த ஓரிரு இடத்துக்கு அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: அளக்கும் இடங்களில் கால் பங்கு வரை. எந்தக் கால் பங்கு என்று அவர்கள் சொல்வதில்லை. ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரே ஆளை நாம் கேலி செய்கிறோம்.

கோடையில் வனத்துறை பாதையை மூடினாலும் முணுமுணுக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று, காட்டுத்தீ பிடித்த நாளில், தேனி மாவட்டத்துக் குரங்கணியில் வெயிலுக்குக் குறைவில்லை. காய்ந்த புல், காற்று, சரிவு. தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு எந்த மனிதனாலும் ஏற முடியாது. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீயில் போய்விட்டார்கள். தேனியில் அன்று வானம் எப்படி இருந்தது என்று போனைக் கேட்டிருந்தால் அது வெயில் படத்தைத்தான் காட்டியிருக்கும். கேட் பூட்டியிருந்தால் திரும்பி வாருங்கள், காவலரோடு வாக்குவாதம் வேண்டாம்.

சித்ரா பௌர்ணமிக்கு ஏறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளுக்கொரு ரெயின்கோட், ஒரு மாற்றுப் பனியன், ஒரு கம்பளிச் சட்டை. விடிந்ததும் இறங்க ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டை அடிவாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும்போது இடி கேட்டால் எவ்வளவு தூரம் என்று எண்ணிக்கொண்டு நிற்காமல் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். கூட வந்த மச்சினன் நாலு மணி வரை இருக்கலாம் என்றால், அவன் இருந்துவிட்டு வரட்டும்.