கரண்டி எங்கே போச்சு? – கேள்வி பதில்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் திருப்புட்குழியிலிருந்து ஒரு தடித்த உறை வந்திருக்கிறது. ஒரு தெருவே சேர்ந்து எழுதியிருக்கிறது போல. எல்லாருக்கும் ஒரே தொல்லைதான்: அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளக்கிறது, குழந்தையை வெளியே விட முடியவில்லை, உள்ளே வைத்தால் வீடு தாங்கவில்லை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் உறவுமுறையை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஒரு கூடை நிறைய பொம்மை வாங்கிப் போட்டிருக்கிறோம். ஒன்றரை வயதுப் பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழம்புக் கரண்டிதான் வேண்டுமாம்!
– ஓர் அம்மா

கொடுத்துவிடுங்கள். பொம்மை காஸ் அடுப்பில் நீங்கள் சமைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது இதையேதான் கண்டார். நல்ல பொம்மைகள் அலமாரியில் தூங்க, பிள்ளைகள் பாத்திரத்தையும் துடைக்கும் துணியையும் தேடிப் போனார்கள். அந்த அம்மையார் நமக்கு அந்நியர் இல்லை. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார். உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தார், நடுவில் கொடைக்கானலில் சில ஆண்டுகள். அவருடைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதி நம் சமையலறையில் நடப்பதுதான்: ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது, சுமப்பது.

ஆகவே பையனை வேலைக்கு வையுங்கள். வெண்டைக்காயைக் கழுவட்டும். பூண்டுத் தோலை ஊதட்டும். கீரையை நீங்கள் ஆய்ந்து போட, அவன் பாத்திரத்தில் அள்ளிப் போடட்டும். துவைத்த துணிக் குவியலில் கைக்குட்டைகளை மட்டும் பொறுக்கித் தரட்டும். ஓர் உருண்டை சப்பாத்தி மாவும் சின்னக் குழவியும் போதும், இருபது நிமிடம் ஓடிவிடும். பச்சை மாவை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவன் உதவி செய்தால் எந்த வேலைக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆகும். நேரத்தைக் கழிக்க வழி கேட்டவர் நீங்கள்தானே?

எதைக் கொடுத்தாலும் மூன்று நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறாள். கவனக் குறைவா?
– ஓர் அப்பா

இரண்டு வயதுக்கு மூன்று நிமிடம் நல்ல கணக்குதான். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் நீங்கள் எத்தனை முறை போனைப் பார்த்தீர்கள்?

மாடி வீட்டுக் குழந்தை நாள் முழுக்கத் தட்டைப் போட்டு அடிக்கிறது. எதையாவது இடிக்கிறது. நாற்காலியை இழுக்கிறது. பிள்ளை வளர்ப்பு இதுதானா?
– கீழ்வீட்டு மாமா

மாமா, இதைப் புலவர்கள் எப்போதோ அட்டவணை போட்டு வைத்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று ஒற்றைப்படை மாதமாகவே எண்ணிக்கொண்டு போய் 21-ஆம் மாதத்தில் முடிப்பது வழக்கம். ஆண்பிள்ளைக்குக் கடைசி மூன்று பருவம் எவை? சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். அதாவது இடிப்பது, அடிப்பது, இழுப்பது. உங்கள் தலைக்கு மேலே நடப்பது இலக்கணச் சுத்தமான பிள்ளைத்தமிழ்.

பெண்பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் கழங்கும் அம்மானையும் ஊசலும் கொடுத்து அடக்கமாக உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் புலவர்கள் பெண்குழந்தையோடு ஒரு மத்தியானம் தனியாக இருந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தூக்கத்துக்கு வழி சொல்கிறேன். மாடி வீட்டு அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சிறுபறைக்கு எவர்சில்வர் தட்டு வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவும் மரக் கரண்டியும் போதும், அடியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட வேண்டும். சிற்றிலுக்குக் காலி செருப்புப் பெட்டிகள்: அம்மா அடுக்க, பிள்ளை இடிக்க. அடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது அடுத்த வருஷம். சிறுதேருக்கு ஓர் அட்டைப் பெட்டியில் கயிறு கட்டிக் கொடுக்கலாம். கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் ஏதாவது சாமானும் வேண்டும், வெறும் தேரை யார் இழுப்பார்கள்?

எங்கள் ஊர் மரகதவல்லித் தாயாருக்கு நேர்ந்துகொண்டு, வறுத்த பயறை மடியில் கட்டி, அது முளைத்துப் பிறந்தவள் என் பேத்தி. இப்போது ஒரு படி பயறைக் கொட்டிக் கொடுத்தால் அரை மணி நேரம் அளைந்துகொண்டு இருக்கிறாள். பொருத்தம்தானே?
– ஒரு பாட்டி

கதை பொருத்தம் பாட்டி, விளையாட்டு ஆபத்து. பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, புளியங்கொட்டை எல்லாம் மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஒன்றுதான்: முதலில் வாய், பிறகு மூக்கு, பிறகு காது. மூச்சுக்குழலில் ஒன்று இறங்கிவிட்டால் தாயாரைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. மூக்குக்குள் போன பயறு ஈரத்தில் ஊறிப் பருக்கும். முழு நிலக்கடலையைத் தின்னக் கொடுப்பதற்கே குறைந்தது நாலு வயதாகட்டும் என்பார்கள் குழந்தை மருத்துவர்கள்.

அளைவதற்குப் பெரிய சாமானாகக் கொடுங்கள். ஒரு கூடையில் எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் கலந்து வைத்தால் மஞ்சள் இந்தப் பக்கம், மண்நிறம் அந்தப் பக்கம் என்று பிரிப்பாள். இரண்டாம் நாள் மறுபடி கலப்பாள். கலப்பதுதான் அவளுக்குப் பிடித்த பகுதி.

பயறையும் விட வேண்டாம். பச்சைப் பயறை ராத்திரி ஊறவைத்து ஈரத்துணியில் மூட்டை கட்டி, எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கையால் தண்ணீர் தெளிக்க விடுங்கள். மறுநாளே வால் எட்டிப் பார்க்கும். வறுத்த பயறை முளைக்க வைப்பது மரகதவல்லித் தாயாரின் வேலை. வறுக்காத பயறுக்கு உங்கள் பேத்தியே போதும்.

தண்ணீரில் விட்டால்தான் அழாமல் இருக்கிறான். விடலாமா?
– ஓர் அத்தை

அகலமான தாம்பாளத்தில் விரற்கடை உயரத் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு பழைய வடிகட்டி. நீங்கள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கூடாது. வேலை முடிந்த வாளியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் எழத் தெரியாது. சில அங்குலத் தண்ணீரே போதும்.

வீட்டிலேயே தறி. நான் உட்கார்ந்ததும் இரண்டு வயது மகன் ஓடி வந்து நாடாவைப் பிடிக்கிறான், பாவில் கை வைக்கிறான். அடித்தும் பார்த்தாயிற்று. என்ன செய்வது?
– ஒரு நெசவாளி

அடித்தால் நாளைக்கு வராமல் இருப்பானா? அப்பா நாள் முழுக்கக் காலை ஆட்டி, கையை ஆட்டி, டக் டக்கென்று ஒரு பெரிய மர மிருகத்தை ஓட்டுகிறார். காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்திலேயே இதைவிடச் சிறந்த பொம்மை கிடையாது.

ஆனால் தறிக்குழி குழந்தைக்குக் கிணறு மாதிரி. மிதியில் விரல் நசுங்கும், நூல் கழுத்தில் சுற்றும், கத்தரிக்கோல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும். அதனால் தறிக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு தறி வேண்டும். ஜன்னல் கம்பியிலோ கட்டில் காலிலோ உள்ள இடைவெளிகளில் பழைய புடவையைக் கிழித்த அகலமான பட்டைகளை உள்ளே விட்டு வெளியே இழுக்கச் சொல்லிக் கொடுங்கள். காலி நூல் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கலாம். தார்க்குச்சி வேண்டாம், கண்ணைக் குத்தும். நூலும் ஜரிகையும் ஓர் இழைகூட வேண்டாம். விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டால் அவிழ்ப்பதற்குள் விரல் நீலம் பாய்ந்துவிடும். ஒருவர் நெய்யும்போது இன்னொருவர் கண் அவன்மேல் இருக்க வேண்டும். பார்க்க ஆளே இல்லாத நேரத்தில் தறி நிற்கட்டும். கூலி போகும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் வேறு வழியில்லை. அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்கு மேல்தான். தறிக்காரத் தெருக்களில் அதற்குக் கீழே உள்ளதுகளுக்கு ஒரு காப்பகம் கேட்டு மனுப் போடலாம். எழுத நான் உதவுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், நாடா மூன்று ஓடும், ஒரு பக்கம் கை கொடுக்க ஆள் வேண்டும். அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்த காலம் காஞ்சிபுரத்துக்கு உண்டு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதற்குப் பிறகு நடந்த போராட்டங்களும் அதை மாற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிள்ளைக்கு வீட்டு வேலை கொடுங்கள் என்று மேலே எழுதியவன் நான்தான். அதற்கு எல்லை இதுதான்: பாதியில் போட்டுவிட்டு ஓடலாம், யாரும் திரும்பக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அது விளையாட்டு இல்லை.

போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள்.
– ஒரு சித்தி

வாய் திறக்கிறாள், சாப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே விழுங்குகிறாள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைந்தால் நல்லது. அதே அறிக்கை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது பிள்ளை உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது. கீழ்வீட்டு மாமாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

தரையில் பேப்பரை விரித்து, அவளுக்கென்று ஒரு தட்டில் இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு நீங்கள் உங்கள் இட்லியைச் சாப்பிடுங்கள். முதல் வாரம் தரைக்குத்தான் சாப்பாடு. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவது வேறு கணக்கு. அது மனுஷ முகம்.

பேரனுக்கு ஜடாயு கதை சொல்ல ஆசை. நம் ஊர்க் கதையாயிற்றே! புரியுமா? அப்படியே எழுத்தும் சொல்லிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாத்தா

கதையை வாயால் சொன்னால் ஒரு நிமிடம் நிற்பான். தோளில் துண்டைப் போட்டு, இரண்டு நுனியையும் கையில் கொடுத்து, “நீதான் ஜடாயு, பற!” என்றால் கூடத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுவான். துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போட வேண்டாம். ராவணன் வாளோடு வருவதற்குள் கதையை முடித்துவிடுங்கள். இறக்கை வெட்டுப்படுவதும் உங்கள் ஊர் விஜயராகவப் பெருமாளான ராமர் ஈமக்கடன் செய்வதும் ஆறு வயதுக்கு மேல். அலுத்துவிட்டால் குதிரை வாகனம். உங்கள் கோயில் குதிரை வாகனத்தின் உறுப்புகள் உயிருள்ள குதிரை போல அசையும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்களே, வீட்டில் அந்தப் பதவிக்குத் தாத்தாவை விட்டால் யார்? முட்டி வலித்தால் மகனைக் கூப்பிடுங்கள்.

எழுத்துக்கு அவசரம் இல்லை. ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது உங்கள் ஊரில்தான். அவரே கல்யாணம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்ததாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன.

துபாயிலிருந்து கொழுந்தனார் சக்கர வாக்கர் அனுப்பியிருக்கிறார். உட்கார வைத்தால் வீடெல்லாம் ஓடுகிறது!
– ஓர் அண்ணி

அதுதான் பயம். படியிலிருந்து உருண்டு விழுந்த கணக்கைப் பார்த்துக் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. கொழுந்தனாருக்கு நன்றி சொல்லிப் பரணில் போடுங்கள். பிடித்துத் தள்ளும் மர நடைவண்டி வேறு. அதற்குள் நாலு வெங்காயத்தைப் போட்டு அடுக்களையிலிருந்து கூடத்துக்கு டெலிவரி செய்யச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்தேன். இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாக விளையாடுகின்றன.
– இன்னோர் அம்மா

அதுதான் இந்த வயதின் கூட்டணி. 1932-இலேயே மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். சேர்ந்து விளையாடும் வயது பின்னால் வரும். அதுவரை கரண்டி இரண்டாக இருக்கட்டும்.

டம்ளரைக் கீழே போடுகிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுகிறான்.
– ஒரு மாமி

குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜே தம் சொந்தப் பிள்ளைகள் இப்படிப் போட்டதை உட்கார்ந்து குறிப்பெடுத்தார். உங்களிடம் நோட்டுப் புத்தகம் இல்லையா? ஒரு நாள் தலையணை மேல் போட வையுங்கள், ஒரு நாள் பாய் மேல். சத்தம் ஏன் மாறியது என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பான்.

எல்லாம் சரி. நான் எப்போது கண் மூடுவது?
– முதல் கேள்வி கேட்ட அதே அம்மா

ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளை பகலும் இரவுமாகச் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்கும். அந்த நேரத்தில்தான் நீங்கள் பாத்திரம் துலக்குகிறீர்கள். அவன் விழித்திருக்கும்போது துலக்குங்கள், அவனையும் வைத்துக்கொண்டு. அவன் படுத்ததும் நீங்களும் படுங்கள். மாமியார் கேட்டால் பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ரிமோட்டை எங்கே ஒளிப்பது?
– மீண்டும் அந்த அப்பா

ஒளிக்க முடியாது. பழைய ரிமோட்டில் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். சின்னப் பட்டன் பேட்டரி உள்ளதாக இருந்தால் அந்தப் பேட்டரி வீட்டில் எங்கேயும் கிடக்கக் கூடாது. விழுங்கினால் உணவுக்குழலைச் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய ரிமோட்டை அவள் இரண்டு முறை அமுக்கிப் பார்ப்பாள், டிவியைப் பார்ப்பாள், உங்களைப் பார்ப்பாள். அதை உங்களிடமே நீட்டிவிட்டு, ஓடுகிற ரிமோட்டைக் கேட்பாள்.