எதுவானாலும் சரி

அமெரிக்காவின் லேக் ஜெனீவா ஊரிலிருந்து 1974-இல் வெளிவந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டம்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடுவது. அதை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடிப் பழகியவர்கள். வாங்கியவர்களில் சிலருக்குப் போர் போதவில்லை, கதையும் வேண்டியிருந்தது. போரா கதையா என்ற தகராறு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டது.

1980-இலேயே கிளென் பிளாக்கோ என்பவர் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதிவிட்டார். வகை தெரிந்து என்ன பயன்? நான்கு பேரும் ஒரே மேசையில்தானே உட்காருகிறார்கள்!

ஒருவர் குரலை மாற்றி, கண் கலங்க, கோட்டை வாயிற்காவலனின் பெண்டாட்டி பிள்ளைகளை நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். அவன் பதில் சொல்வதற்குள் பக்கத்து ஆசாமி இருபது முகப் பகடையை உருட்டி, அவனை வெட்டிச் சாய்த்து, இடுப்பில் காசு இருக்கிறதா என்று கேட்பார். இன்னொருவர், அந்த வெட்டுக்குப் பகடை எண்ணோடு கூட்ட வேண்டியது 3-ஆ 4-ஆ என்று விதிப்புத்தகத்தைப் புரட்டுவார். முறுக்குக்காக வந்தவரும் ஒருவர் உண்டு; மேசையில் யாரோடும் மனத்தாங்கல் இல்லாத ஒரே பிறவி. ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரோ, தான் கண்விழித்து எழுதிய ஏழு தலைமுறை ராஜவம்சக் கதையை யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பார். கேட்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து உண்டு: ‘செஷன் ஜீரோ’. ஆட்டம் தொடங்குமுன் கூடி, யாருக்கு எந்த மாதிரி ஆட்டம் வேண்டும் என்று பேசிக்கொள்வது. அங்கே “எனக்கு எதுவானாலும் சரி” என்று ஒருவர் சிரிப்பார். தயவுசெய்து அவரை நம்பாதீர்கள்.