சேறும் சீலும்

சேற்றில் வண்டி ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு என்று என் சிறுவயதில் போடிநாயக்கனூரில் யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு மந்திரிக்க ஆள் தேடியிருப்பார்கள். மலைமேல் ஏலத்தோட்டம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடு போனது. அதற்கப்புறம் ஜீப் போன தடம்தான் ரோடு. மழைக்காலத்தில் அதுவும் இருக்காது. அப்பாவின் ஜீப் விடியுமுன் காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும், இருட்டியபின் மூட்டைகளோடு இறங்கும். எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகம் ஒரு கணக்குச் சொல்லும். வண்டிக்குள் இருப்பது வேறு கணக்கு.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டியின் வம்சம் அது. 1940-களின் கடைசியில் மகிந்திரா சகோதரர்களின் கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. போர் முடிந்தாலும் முன் அச்சின் அமைப்பு பல காலம் மாறவில்லை. முன்சக்கரம் இடவலம் திரும்பவும் வேண்டும், இன்ஜின் விசையில் சுழலவும் வேண்டும். அதற்காக அச்சின் இரு முனையிலும் ஓர் இரும்பு உருண்டை, அதற்குள் யூ.ஜே. கிராஸ், சுற்றிலும் கிரீஸ். நடுவில் கிரவுன் பினியன் குளிக்கும் கியர் ஆயில் உருண்டைக்குள் வராதிருக்க ஓர் ஆயில் சீல். உருண்டைக்குள் இருப்பது வெளியே போகாமலும் வெளிச் சேறு உள்ளே வராமலும் தடுக்க, ரப்பரும் கம்பளியும் சேர்ந்த இன்னொன்று. உள் சீலின் உதடு தேய்ந்தால் கியர் ஆயில் உருண்டைக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்த குழம்பு கம்பளியைத் தாண்டி டயரில் கறுப்புக் கோடு போடும். ஹப் வழியாகப் பிரேக் ஷூவையும் நனைத்துவிட்டால், போடிமெட்டு இறக்கத்தில் குலதெய்வம்தான் பிரேக்.

அதனால் மழைக்காலம் முடிந்ததும் வீட்டு முற்றத்தில் சீல் மாற்றும் வைபவம் நடக்கும். ஒரு ஜாக்கி, முட்டுக் கொடுக்க ஒரு கருங்கல், மண்ணெண்ணெய் டப்பா, ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். மெக்கானிக் அண்ணன் வந்ததும் சக்கரத்தைத் தொடமாட்டார். அச்சின் மேல் விரல் நுனி அளவு ஒரு காற்றுக் குழல் இருக்கும். கட்டுக் கம்பியை விட்டு அதில் அடைத்த சேற்றை முதலில் நோண்டி எடுப்பார். ஓடி ஓடி ஆயில் சூடானால் உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் அது சீலைத்தான் தள்ளும். “மூச்சை அடைச்சுட்டு சீலைத் திட்டினா எப்படிண்ணே?” என்று அப்பாவைக் கேட்பார். அப்பா பதில் சொன்னதில்லை.

பிறகு ஹப் நட்டுகளுக்கு நடுவே மடங்கிய வாஷரை உளியால் நிமிர்த்தி, ஹப்பைக் கழற்றி, ஆக்சிலை உருவுவார். புது சீலை அடித்து இறக்கப் பழைய பேரிங் கப். சீல் உதடு உட்கார்ந்த இடத்தில் ஆக்சிலில் பள்ளம் விழுந்திருந்தால், சீலை ஒரு நூல் வெளியே தள்ளி உட்கார வைப்பார். உதடு தேயாத இரும்பைத் தேடிக்கொள்ளும். பூட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டைப் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்துவார். கம்பெனிப் புத்தகத்திலும் அதே கணக்குதான் என்று பிற்பாடு படித்தேன். அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவரில்லை.

பொற்காலம் என்று சொல்லிவிடாதீர்கள். பிரேக் டிரம்மின் தூசியை அவர் வாயால் ஊதுவார்; அன்றைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். கருங்கல் உருண்டிருந்தால் வண்டி அவர் மேல்தான் இறங்கியிருக்கும்.

எங்கள் டிரைவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஓடை வந்தால் இக்கரையில் நிறுத்தி ஒரு பீடியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குவார். சோம்பேறி என்று அப்பா கணக்கில் எழுதினார். விஷயம் அதுவல்ல. சூடான அச்சைத் திடீரென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும். சீல் வழியாக ஓடைத் தண்ணீரை உறிஞ்சும். கியர் ஆயில் பாலாகத் திரியும். அந்த பீடி ஒரு பொறியியல் ஏற்பாடு.

இன்று அந்த பீடிக்குப் பதிலாக ஒரு கிட் விற்கிறது. காற்றுக் குழலில் ரப்பர் டியூபை மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது. நானும் மாட்டியிருக்கிறேன். அப்பாவின் ஜீப் இப்போது என் வீட்டு போர்டிகோவில், டைல்ஸ் கறைபடாமல் விரித்த அட்டைப்பெட்டியின் மேல், இரண்டு ஆக்சில் ஸ்டாண்டில் நிற்கிறது. நைட்ரைல் கையுறை, முகக்கவசம், நெற்றி விளக்கு, டார்க் ரெஞ்ச், சீல் இறக்கத் தனிச் செட். அண்ணன் உளியால் செய்ததைச் செய்ய என்னிடம் ஒரு அலமாரி இருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் எழுதிய பைக்குள் போட்டு, படம் எடுத்து, நண்பர்களுக்கு அனுப்புகிறேன். அவர்கள் கைதட்டுகிறார்கள். அண்ணனுக்கு யாரும் கைதட்டவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள்.

“ஏங்க, இந்த வண்டி கடைசியா எங்கதான் போச்சு?” என்றாள் மனைவி.

போனது சேற்றுக்கு. தோட்டத்துக்கு நல்ல தார் ரோடு வந்துவிட்டதால், இப்போது சேற்றைக் காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு தனியார் மைதானத்தில் ஜே.சி.பி.யால் பள்ளம் வெட்டி, டேங்கர் லாரித் தண்ணீர் விட்டு, மழைக்காலத்தைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. வரும் இளைஞர்கள் பெரும்பாலும் மகிந்திராவின் ‘தார்’ வண்டி வைத்திருக்கிறார்கள். அதில் இரும்பு உருண்டை போய், ரப்பர் உறைக்குள் சி.வி. ஜாயிண்ட் வந்துவிட்டது. என் உருண்டையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பள்ளத்தில் இறங்கி, சீலை நனைத்து, வீட்டுக்கு வந்து சீலை மாற்றுகிறேன். அன்று ஜீப் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இன்று அடுப்பு வேறு வருமானத்தில் எரிவதால் ஜீப் ஓடுகிறது.

இதையெல்லாம் ‘அந்தக் காலம், இந்தக் காலம்’ என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விடியற்காலையில் போடிமெட்டு ரோட்டில் நின்று பாருங்கள்: கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இன்றும் வரிசையாக ஏறுகின்றன. ஆர்.சி. கணக்கும் உள்ளிருக்கும் கணக்கும் இன்றும் வேறுதான். அந்தக் காலம் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இறங்கிக்கொண்டது நான்.

போன வாரம் அப்படி ஒரு டிரைவர் என் வாசலில் நின்று, ஸ்டாண்டில் இருந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

“அருமையா வச்சிருக்கீங்க சார். சும்மாதானே நிக்குது, தோட்டத்துக்கு ஓட்டக் குடுங்களேன். மாச வாடகை தர்றேன்.”

“ஐயோ, வேண்டாம்ப்பா,” என்றேன். “சேறாயிடும்.”