வைஃபை வாயிற்காவலர் இயல்: சில குறிப்புகளும் ஒரு துணிபும்

ஹாம்லெட் நாடகம் 1603-ல் முதன்முதலாக அச்சேறியது. அந்தப் பதிப்பில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை இரண்டே பிரதிகள். ஒன்று கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது, மற்றொன்று லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில். 2013 ஆகஸ்டில் அதே பிரிட்டிஷ் நூலகத்துக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மார்க் ஃபோர்சித் என்ற எழுத்தாளருக்கு ஹாம்லெட்டில் ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எம்.ஐ.டி. இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் நாடகப் பக்கத்தைத் திறந்தார். நூலகத்தின் வைஃபை வடிகட்டி விடவில்லை. காட்டிய காரணம்: வன்முறை.

காரணத்தில் பிழை இல்லை என்பதை ஆய்வு நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். திரை விழுவதற்குள் எட்டுப் பேர் சாகிறார்கள். கதை தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அரசர் இந்தக் கணக்கில் இல்லை. கத்தி, விஷம், ஆறு என்று முறைகளிலும் பஞ்சமில்லை. இளவரசன் ஏன் தயங்கினான் என்று விமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, ஒரு நொடியில் நாடகத்தை வகைப்படுத்தி முடித்த பெருமை அந்த வடிகட்டிக்கே உரியது. ஆனால் நூலகத்தார் அந்தப் பெருமையை ஏற்கவில்லை. புதிதாகப் பொருத்திய மென்பொருளின் கோளாறு என்று சொல்லி வழியைத் திறந்துவிட்டார்கள்.

இனி ஆய்வுப் பொருள். பொது வைஃபை என்பது யாது எனின், நூலகம், ரயில் நிலையம், காபிக்கடை போன்ற இடங்களில் முகமறியாதவர்களுக்கு இலவசமாகவோ ஒரு காபியின் விலையிலோ கிடைக்கும் இணையம் என்க. வாயிற்காவலர் யாவர் எனின், அந்த இணையத்தின் வாசலில் நின்றுகொண்டு "நீ போகலாம், நீ போகக்கூடாது" என்று தளங்களைப் பிரிக்கும் மென்பொருள். இவர்களில் சொல் பார்ப்பவர், முகவரி பார்ப்பவர், குலம் கோத்திரம் விசாரிப்பவர் என மூவர் உளர்.

சொல் பார்ப்பவரே மூத்தவர், வைஃபையைவிடவும் மூத்தவர். வைஃபை என்ற பெயர் 1999-ல்தான் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1996-ல், இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் என்ற எஃகு ஆலை ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்குத் திறக்கப் போய் வாசலிலேயே மடக்கப்பட்டார்கள். குற்றம் அவர்களுடையதன்று, ஊர்ப் பெயருடையது. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டாம் எழுத்து முதல் ஐந்தாம் எழுத்து வரை வாசகர்கள் தனிமையில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். இது குடும்பப் பத்திரிகை. கணினித் துறையில் இந்த நோய்க்கு இன்றளவும் ஸ்கந்தார்ப் சிக்கல் என்றே பெயர். யார்க்ஷயரில் பெனிஸ்டன் என்றோர் ஊர் உண்டு, அங்கே முதல் ஐந்து எழுத்துகளே போதும். லண்டனில் ஃபிரெடரிக் ஹார்னிமன் என்ற தேயிலை வணிகர் 1901-ல் ஊருக்கு ஓர் அருங்காட்சியகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். 2004-ல் அந்த அருங்காட்சியகத்துக்கு வரவேண்டிய மின்னஞ்சல்களில் சில வந்து சேரவில்லை. புண்ணியவானின் பெயரைக் காமாந்தகாரன் என்ற பொருளில் வடிகட்டிகள் வாசித்திருந்தன.

இக்குலத்தில் ஒரு கிளை, தடுப்பதோடு நில்லாமல் திருத்தவும் செய்யும். 2008-ல் அமெரிக்காவின் ஒரு கிறித்தவச் செய்தித் தளம் 'கே' என்ற சொல் எங்கே வந்தாலும் 'ஹோமோசெக்ஷுவல்' என்று தானாக மாறும்படி செய்துவைத்திருந்தது. அந்த ஆண்டு ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் டைசன் கே. மறுநாள் செய்தியில் வென்றவர் டைசன் ஹோமோசெக்ஷுவல்.

தமிழ் நிலத்துச் சான்றுகளையும் விடக்கூடாது. 1775-ல் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் பட்டப்பெயரை ஆங்கிலத்தில் வழக்கம்போல எழுதி, நான்காம் எழுத்து முதல் ஏழாம் எழுத்து வரை விரலால் மறைக்காமல் பார்க்க. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள அனலைதீவுக்கு முதல் நான்கு எழுத்திலேயே கண்டம் இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பத்துக்கு ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எழுத்துக்கூட்டலோ முன்னிருந்து மூன்று, பின்னிருந்து மூன்று என இரு தலையிலும் கொள்ளி. இவற்றுள் எதுவும் எங்கேனும் தடுக்கப்பட்டது என்பது இங்கு வாதமன்று. தடுக்கப்படும் தகுதி முழுமையாக உண்டு என்பதே வாதம்.

அற்றேல், இக்காலத்து வாயிற்காவலரும் இவ்வளவு வெள்ளந்தியோ எனின், அல்லர். அவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்பதைவிடக் கண் மங்கிவிட்டது என்பதே சரி. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் பூட்டோடு வருகின்றன. நடுவில் நிற்கும் வைஃபைக்கு, தளத்தின் பக்கங்களில் எழுதியிருப்பது தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது மட்டும், தளத்தின் எண் முகவரியை விசாரிக்கும் டிஎன்எஸ் கேள்வியிலோ பூட்டுப் போடுவதற்கு முந்திய முதல் வணக்கத்திலோ தெரியும். ஆகவே இரண்டாமவர் முகவரியை மட்டும் பார்க்கிறார். விளைவு விபரீதம். பல லட்சம் பக்கங்கள் உள்ள ஒரு தளத்தில் ஒரே ஒரு பக்கம் ஆகாது என்றால், தளம் முழுவதையும் விட வேண்டும், இல்லையேல் முழுவதையும் அடைக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் காலத்தில் தடுத்தால் "இந்தத் தளத்துக்கு அனுமதி இல்லை" என்று நாகரிகமாக ஒரு பக்கம் வரும். இப்போது அந்தப் பக்கத்தைக் காட்ட வைஃபைக்காரர் தம்மையே அந்தத் தளம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். புரவுசர் அந்த ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடித்து, உங்கள் தகவலை யாரோ திருடப் பார்க்கிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் அலறும். பாதுகாப்புக்காக வைத்த காவலரை உள்ளே உட்கார்ந்திருப்பவர் திருடன் என்று நினைத்து லேப்டாப்பை மூடிவைப்பது இப்படித்தான்.

மூன்றாமவர் உள்ளடக்கத்தையும் பார்ப்பதில்லை, வெறும் பெயரோடும் நிற்பதில்லை. "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு ஒரு பட்டியலைப் புரட்டுகிறார். உலகத்துத் தளங்களையெல்லாம் சூதாட்டம், ஆயுதம், மது, ஆபாசம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வைஃபை வைத்திருப்பவர் எந்தெந்தப் பெட்டி வேண்டாம் என்று டிக் அடித்தால் போதும். பெட்டி மாறினால் கதை கந்தல். 2020 ஏப்ரல் முதல் தேதி கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 1.1.1.3 என்ற குடும்ப டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியபோது, ஆபாசத் தளங்களோடு தன்பாலின, திருநர் அமைப்புகளின் தளங்களும் சேர்ந்து அடைபட்டன. எடுத்துக்கொண்ட பெட்டி தவறு என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சில மணி நேரத்தில் திருத்தியது. பட்டியலில் 'வகைப்படுத்தப்படாதவை' என்றும் ஒரு பெட்டி இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் டிக் அடித்துவைக்கும் நிர்வாகிகள் உண்டு. நேற்று டொமைன் வாங்கி இன்று தொடங்கிய சிற்றிதழுக்கு இந்த உலகில் குலமும் இல்லை கோத்திரமும் இல்லை. எனவே வழியும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, வெளியே நிறுத்தப்பட வேண்டியவர் வெளியே நிற்கிறாரா? அவர் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொள்கிறார். கொஞ்சம் விவரமானவர் விபிஎன் வைத்திருக்கிறார். விடுதி மாணவனுக்கு முதல் வாரத்தில் மெஸ் நேரத்தோடு சேர்த்து அதையும் சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வாசலில் மாட்டிக்கொள்பவர் ஹாம்லெட் தேடிய ஆசாமிதான்.

அப்படியானால் இந்த ஏற்பாடு யாரைக் காக்கிறது? இங்கேதான் ஆய்வு தன் துணிபை வைக்கிறது: வாயிற்காவலர் காப்பது உள்ளே வருபவரை அன்று, தம்மை வேலைக்கு வைத்தவரை.

சான்றுகள் வருமாறு. அமெரிக்காவில் 2000 டிசம்பரில் கையெழுத்தான குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, இணையத்துக்கு மத்திய அரசின் சலுகையும் மானியமும் வேண்டும் நூலகங்கள் வடிகட்டி பொருத்தியாக வேண்டும். நூலகச் சங்கம் வழக்குப் போட்டது. 2003-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. பெரியவர்களுக்குத் தடை இடைஞ்சலானால் நூலகரிடம் சொல்லி நீக்கிக்கொள்ளலாமே என்பது தீர்ப்பின் முக்கியமான சமாதானம். வரிசையில் நான்கு பேர் பின்னால் நிற்க, எந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் உரக்கச் சொல்லும் துணிச்சல் உள்ளவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். பிரிட்டனில் 2014-ல் 'ஃபிரெண்ட்லி வைஃபை' என்று ஒரு முத்திரையே வந்தது, கடைக்காரர் ஜன்னலில் ஒட்டிக்கொள்ள. ஸ்டார்பக்ஸ் பல ஆண்டுத் தயக்கத்துக்குப் பின், ஓர் அமைப்பு விடாமல் நச்சரித்ததில், 2019 முதல் அமெரிக்கக் கடைகளில் ஆபாசத் தளங்களை அடைப்போம் என்று 2018 நவம்பரில் அறிவித்தது. பதிலடியாக ஓர் ஆபாசத் தளத்தின் நிர்வாகம் தன் அலுவலகத்துக்குள் ஸ்டார்பக்ஸ் காபி கொண்டுவரத் தடை விதித்தது. வடிகட்டல் வரலாற்றில் பதிவான முதல் பரஸ்பரப் புறக்கணிப்பு இதுவே என்று கொள்ளலாம்.

நம் ரயில் நிலையங்களில் வாயிற்காவலருக்கும் முன்னால் ஒரு வாயிற்காவலர் நிற்கிறார். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரயில்டெல்லும் கூகுளும் தொடங்கிய இலவச வைஃபை, 2018 ஜூனில் 400 நிலையங்களை எட்டியது. தொலைத்தொடர்புத் துறை 2009-லேயே போட்ட உத்தரவுப்படி, இதில் நுழைபவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். எனவே பிளாட்பாரத்தில் நிற்பவர் போன் நம்பரைத் தட்ட வேண்டும், ஓடிபி வர வேண்டும். ஓடிபி எதன் வழியாக வரும்? மொபைல் சிக்னல் வழியாக. சிக்னல் இல்லாமல்தான் அவர் வைஃபையைத் தேடினார். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் போனுமாக, ஒரு கட்டை சிக்னலுக்காகத் தூண் தூணாக நகர்ந்துகொண்டிருப்பவர் எந்தத் தளத்துக்குப் போக எண்ணியிருந்தாலும், அது இன்னும் மாசுபடாமல்தான் இருக்கிறது.

தீர்வு என்று பார்த்தால், காவலரைத் திருத்துவதைவிடத் தன் பெயரை மாற்றிக்கொள்வது சுலபம் என்று பலர் கண்டிருக்கிறார்கள். 1853-ல் தொடங்கிய அமெரிக்காவின் பீவர் கல்லூரி 2001-ல் ஆர்கேடியா பல்கலைக்கழகம் ஆனது. பீவர் என்பது ஆற்றில் அணை கட்டிப் பிழைக்கும் சாதுவான பிராணி. அமெரிக்கக் கொச்சையில் அதற்கு வேறு பொருளும் உண்டாகையால், வடிகட்டிகள் கல்லூரித் தளத்தை மறைத்ததும் பெயர் மாற்றத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1920 முதல் 'தி பீவர்' என்ற பெயரில் வந்த கனடாவின் வரலாற்று இதழும் இதே தொல்லையால் 2010-ல் பெயரை மாற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் முன்னனுபவம் உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வந்தது, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த வேலை மறுபடி தொடங்குமானால் கம்பத்தின் கோப்பை மேலே எடுத்துவைக்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. தீட்சிதர் விஷயத்தைச் சங்கீத சபைகளிடமே விட்டுவிடலாம். பரிந்துரையை மின்னஞ்சலில் அனுப்ப விரும்பும் கம்பத்துக்காரர்கள், தலைப்பில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் போடாமல் அனுப்புவது உத்தமம்.