குவாரிக் குழிக்கு ஒரு ராம்சார் பலகை

அக்னி நட்சத்திரத்தில் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் பக்கம் போனால் மலையடிவாரக் குட்டை பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். ஏரியில் ஆடு மேயும். தண்ணீர் தளும்பும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கைவிட்ட கல்குவாரிக் குழி. ஆகவே அரசுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் அடுத்து இந்த மாதிரிக் குழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தகுதிக்குக் குறைவில்லை. கோடையிலும் வற்றாது. பாறையை வெட்டி வெட்டி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால், சுற்றியுள்ள கிணற்று ஊற்றெல்லாம் குழியைத் தேடித்தானே வரும்? கல் எடுக்கும்வரை அந்தத் தண்ணீர் தொழிலுக்கு இடைஞ்சல். இரவு பகலாக மோட்டார் போட்டு இறைத்து வெளியே விடுவார்கள். கல் தீர்ந்ததும் அதுவே நீர்நிலை. பக்கத்துக் கொல்லைக்காரர் போர் இறக்கிக் கடனாளியானது அவர் தலைவிதி.

மலைக்கும் பெருமை உண்டு. சீதை குகையில் ஆதிமனிதன் கீறிய பாறைக் கீறல்கள். உச்சியில் சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மல்லுக்கட்டிய கோட்டை இது. பீரங்கிக்குத் தப்பிய மலை ஜல்லிக்குத் தப்புமா என்பதுதான் இப்போது கேள்வி.

கிழக்கே மரக்காணம் பக்கம் கழுவேலி ஈரநிலம் இருக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் தலம். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. பட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஓரத்தில் ஆக்கிரமிப்பு, இறால் குட்டை, சீமைக்கருவேல் என்று பட்டியலும் நீளம்தான். உலக ஈரநில நாள் பிப்ரவரி 2 என்பது நம் அதிகாரிகளுக்கு நல்ல வசதி. அப்போது தண்ணீர் இருக்கும், நாரை இருக்கும், போட்டோ நன்றாக விழும். மே மாதம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்டால், ‘வெயில் சார், வறட்சி’ என்பார்கள்.

பொய். கோடையில் கழுவேலி சுண்டுவது இயற்கை. ஏரி காய்வதும் காலங்காலமாக நடப்பதுதான். காய்ந்தது மறுபடி நிரம்பாமல் போவதுதான் குற்றம். 2024 ஃபெஞ்சல் புயலில் திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அதற்கு மேல் வானம் என்ன செய்ய வேண்டும்? வீடு வீடாக வந்து குடத்தில் ஊற்ற வேண்டுமா? வரத்துக்கால் தூர்ந்து, மதகு உடைந்து, ஏரிக்குள் மனை போட்டு, வந்த தண்ணீரை வெள்ளம் என்று திட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டோம். நாலு மாதம் கழித்து டேங்கர் டெண்டர். காட்டுக் குட்டையைத் தூர்வார மனமில்லை. சிமெண்டுத் தொட்டி கட்டி, லாரித் தண்ணீர் ஊற்றி, மான் குடிப்பதைப் படமெடுத்துப் போட ஆள் இருக்கிறது.

ஏரிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007லேயே சட்டம் வந்துவிட்டது. ஆக்கிரமிப்பை அகற்று என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. புரட்டாசிக்குள் ஏரியை அளந்து கல் நடுங்கள், வரத்துக்காலை வெட்டுங்கள், எந்தக் குவாரி எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். முடியாதென்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வெயில்மேல் மட்டும் பழி போடாதீர்கள். வெயிலுக்கு டிப்பர் லாரியும் கிடையாது, ஏரிக்குள் பட்டாவும் கிடையாது.