மீனுக்கு விமானம், மீன்காரம்மாவுக்கு நடராஜா சர்வீஸ்

மீனுக்குச் சிறகு முளைத்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடற்கரையில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. தில்லியில் எல்லோருக்கும் தெரியும். 2020 ஆகஸ்ட்டில் 'கிருஷி உடான்' என்றார்கள். 2021 அக்டோபரில் 'கிருஷி உடான் 2.0' என்றார்கள். காய், கனி, பால், மீன் என்று அழுகக்கூடியதை எல்லாம் ஆகாய மார்க்கமாக அனுப்பி, விளைவித்தவரையும் வலை போட்டவரையும் வாழவைக்கப் போகிற திட்டம். முதல் பதிப்பு என்ன கிழித்தது என்று யாராவது கேட்பதற்குள் இரண்டாம் பதிப்பை இறக்கிவிடுவதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

சலுகை யாருக்கு? சரக்கு விமானங்களுக்கும், பயணிகளுக்குப் பதில் சரக்கை ஏற்றும் விமானங்களுக்கும். தேர்ந்தெடுத்த நிலையங்களில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது, நிறுத்திவைக்கும் கட்டணம் கிடையாது, வழிகாட்டும் கட்டணமும் கிடையாது. நல்லது. விமானக் கம்பெனிக்கு மிச்சமாகிற அந்தப் பணம் எந்தக் காற்றடித்துத் தூத்துக்குடி தெரேஸ்புரத்து வல்லக்காரர் மடியில் வந்து விழும்?

அந்தத் தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். உறையவைத்த இறால் இங்கிருந்து குளிர்பெட்டியில் கப்பலேறி அமெரிக்கா போய்விடும். ஆனால் ராத்திரி கரைக்கு வந்த சீலா மறுநாள் மத்தியானம் சென்னையில் ஒரு வீட்டுக் குழம்பில் கொதிக்க வேண்டுமென்றால் லாரியும் ரயிலும்தான் கதி. வாகைக்குளம் விமானநிலையத்தின் ஓடுதளம் வெகுகாலம் 1350 மீட்டர். ஏடிஆர் என்கிற விசிறி வைத்த குட்டி விமானம் மட்டுமே வந்து போகும். வெயில் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். பாரம் குறைக்க வேண்டுமென்றால் பயணியையா இறக்குவார்கள்? இறங்குவது மீன் பெட்டி. 2025 ஜூலையில் பிரதமரே வந்து புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். ஓடுதளமும் மூன்று கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது. ஆக, இனிமேல் மீனைப் பறக்கவிடாமல் இருக்க வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பார்கள், அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏலம் முடிந்த பிறகு பெட்டி கட்டுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். தெர்மாகோல் பெட்டி. உள்ளே பாலிதீன் உறை. அடியில் நொறுக்கின ஐஸ், அதன்மேல் தலையும் வாலும் மாற்றி மாற்றி மீன், மறுபடி ஐஸ். லாரிக்கு என்றால் பெட்டியின் மூலையில் ஓர் ஓட்டை, உருகின தண்ணீர் வெளியே போக. விமானத்துக்கு என்றால் ஓட்டையும் கூடாது, ஐஸும் கூடாது. ஜெல் பை வைத்து, பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். நம்ம ஊர் வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போடு என்று பாடம் நடத்துகிறார்கள் மீன்வள நிபுணர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் பெட்டியை வெளியே எறிவேன் என்கிறது விமானம். "தண்ணி விடாத மீனு எந்தக் கடல்லண்ணே கெடைக்கி? சொன்னா அங்க போயி வலையப் போடுதோம்" என்றார் டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்.

உப்புத்தண்ணீர் விமானத்தின் அலுமினியத்தை அரிக்கும் என்பது உண்மைதான். அதில் விளையாட முடியாது, விளையாடவும் வேண்டாம். ஆனால் நார்வே சால்மன் கண்டம் விட்டுக் கண்டம் விமானத்தில்தானே வருகிறது? வந்து நம் ஐந்து நட்சத்திர ஓட்டல் தட்டில் எலுமிச்சைத் துண்டோடு சாய்ந்து படுக்கிறதே, அது என்ன வியர்க்காத மீனா? ஒழுகாத பெட்டியும் குளிர் அறையும் இருந்தால் எந்த மீனும் பறக்கும். 2020இல் அறிவித்த மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். அத்தனை கோடி புழங்கும் நாட்டில் ஒரு பெட்டி ஒழுகாமல் இருக்க டேப் ஒட்டுகிறவரின் கைராசியை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

விமானம் ஏறாத ஏழை வீட்டு மீன் என்ன ஆனது? ஐஸுக்குப் பதில் பிணம் பதப்படுத்தும் மருந்தைப் பூசிக்கொண்டு லாரியில் வந்தது. 2018 ஜூனில் கேரள அதிகாரிகள் எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். ஒரு மாதம் ஊரே மீன் சாப்பிடப் பயந்தது. அப்புறம் மறந்தது.

விமானநிலையக் கவுண்டரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்ரூன் பெட்டியோடு வருகிறவருக்குப் புன்னகை, அல்வாவுக்கும் புன்னகை. "இதுல என்ன சார்?" "மீன்." அவ்வளவுதான், மூக்கு சுருங்கிவிடும். மேலாளர் வருவார், முகர்வார், கெட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குவார்.

வானத்தில் இருப்பவர்களின் மூக்கை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு வயதான அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் என்று அறிவித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. பேருந்து நிலையத்தில் நின்று அந்தம்மா போட்ட சத்தம் வீடியோவில் ஊர் முழுக்கப் போனதால் முதலமைச்சர் கண்டித்தார்; ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் மூவருக்கும் சஸ்பெண்ட். வீடியோ எடுக்க ஆள் இல்லாத நாளில் இறக்கிவிடப்பட்டவர்கள் எத்தனை பேரோ. இதே குளச்சல்தான் 1957இல் லூர்தம்மாள் சைமனைச் சட்டசபைக்கு அனுப்பியது; காமராஜர் அவரை மீன்வளத்துக்கு அமைச்சராக்கினார். அறுபத்து நாலு வருஷம் கழித்து அதே ஊர்ப் பேருந்தில் மீன்காரம்மாவுக்கு இடமில்லை.

ஹவாய் செருப்புப் போட்டவர்களும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017இல் சிம்லாவில் பிரதமர் ஆசைப்பட்டார். குளச்சல் அம்மா அவ்வளவு தூரத்துக்கு ஆசைப்படவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போக நினைத்தார், அவ்வளவுதான். அதற்கு ஓடுதளம் வேண்டாம், உடான் வேண்டாம், 2.0 வேண்டாம். பஸ்ஸின் பின்பக்கம் கூடை வைக்க ஒரு தகரத் தட்டு, தண்ணீர் வெளியே போக ஒரு குழாய், ஏறும்போது "வாங்கம்மா" என்று சொல்ல ஒரு வாய். அந்தத் தட்டும் குழாயும் ஏன் கடற்கரை வழித்தடம் ஒவ்வொன்றிலும் இல்லை? கமிஷன் அடிக்க அதில் ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் யாரிடமாவது இருந்தால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.