கால் அங்குலம் உதைக்கிறது

ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்குக் கால் அங்குலம்தான் வேதம். இரண்டு துண்டுத் துணியைச் சேர்க்கும்போது ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையல் ஓட வேண்டும். நம் ஊர் ஆசாரி கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல்; ஆக, 2 நூல். இதில் அரை நூல் பிசகினால் குடியா முழுகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். தையல் அரை நூல் உள்ளே போனால் சேர்கிற இரண்டு துண்டிலும் அரை அரை போகும். தையலுக்கு ஒரு நூல் நஷ்டம். 2½ அங்குலச் சதுரங்கள் 24ஐ வரிசையாகச் சேர்த்தால் 23 தையல், 23 நூல். கிட்டத்தட்ட மூன்று அங்குலம் மாயமாகிவிடும்.

எல்லா வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால் பிழைத்துக்கொள்ளலாம். போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். என் வரிசைகளுக்குள் அந்த ஒற்றுமை கிடையாது. காபிக்கு முன்னால் தைத்தது ஒரு நீளம், பின்னால் தைத்தது வேறு நீளம். கிரிக்கெட் ஓடும்போது தைத்தது தனிச் சாதி.

நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கம்ப்யூட்டர் வராத காலத்தில் வேலையில் சேர்ந்து, ஐம்பது பைசா உதைத்தாலும் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸைக் கோட்டை விட்டவன். ஓய்வுக்குப் பிறகாவது டேலி ஆகாத கவலை இல்லாமல் இருப்போம் என்றிருந்தவனுக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது. வாய்த்தது என்ன, தேடிப் போய் மாட்டிக்கொண்டேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி என மூன்றையும் துளைத்துக்கொண்டு நூல் போகும்போது 'சர்ர்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பென்ஷனில் பாதியை எழுதித் தரலாம். கிட்டத்தட்ட அப்படித்தான் தந்துகொண்டிருக்கிறேன்.

ஊசி வாங்கிய கதையைக் கேளுங்கள். மூன்று அடுக்கைச் சேர்த்துக் கையால் தைப்பதற்கென்றே குட்டையான ஊசிகள் இருக்கின்றன. எண் போட்டு விற்கிறார்கள். வங்கியில் ஸ்கேல் ஒன்று என்றால் கடைநிலை அதிகாரி, ஸ்கேல் ஏழு என்றால் ஜெனரல் மேனேஜர். அதே கணக்கில் எடுத்தவுடனே 12ஆம் நம்பர் வாங்கினேன். ஊசியில் எண் கூடக்கூட உடம்பு சிறுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வந்து சேர்ந்தது கண் இமை மயிரின் கனத்தில் இருந்தது. அதன் காதை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு இதில் வேறொரு சந்தேகம். "ஏனுங்க, நல்ல துணியக் காசு குடுத்து வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுக்கா ஒண்ணாச் சேக்கறீங்களே, அது மொதல்லயே ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உலகத்தில் இந்தக் கலையை வளர்த்தவர்களிடமெல்லாம் கந்தல் இருந்தது. வங்காளத்துக் காந்தா பழைய புடவைகளை அடுக்கித் தைத்தது. நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். வட கர்நாடகத்துக் கௌதியும் வீட்டுப் பழந்துணிதான். எங்கள் வீட்டில் மருந்துக்கும் கந்தல் இல்லை. பழைய துணியெல்லாம் பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் டப்பாவாகத் திரும்பிவந்து பரணில் உட்கார்ந்திருக்கிறது. நான் கரை நூல் உருவிய ஒரே ஒரு சின்னாளப்பட்டிப் புடவையும் பழையது இல்லையாம். அடுத்த வாரக் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்ததாம். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்கு அனுமதி இல்லை.

கந்தலைத் தேடித் திருப்பூர் போனேன். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணி அங்கே கிலோக் கணக்கில் கிடைக்கும். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் கிரீஸ் துடைக்க அதைத்தான் வாங்குவார்கள். ஒரு மூட்டை வாங்கிவந்து, கிலோ விலையில் வைரம் அள்ளியதுபோல் மொட்டைமாடியில் கொட்டிப் பார்த்துப் பூரித்தேன். பனியன் துணி நெய்ததல்ல, பின்னியது என்பது தையலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொண்டது. மெஷின் பல் இழுத்த இழுப்புக்கெல்லாம் துணி நீண்டது. சதுரமாக உள்ளே போனது பூசணிப் பத்தை வடிவில் வெளியே வந்தது. மீதி மூட்டையை எங்கள் தெரு ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். இப்போது என் வண்டிக்கு மட்டும் சர்வீஸ் சீக்கிரம் நடக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகளைப் படங்களில் பார்த்தேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் ஒரு வளைவுக்குள் அடங்கிய ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள். பலருக்கும் பெட்வே என்று ஒரே குடும்பப் பெயர், அதுவும் பழைய பண்ணை முதலாளியின் பெயர். கிழிந்த வேலை உடுப்பிலும் மாவுச் சாக்கிலும் குளிருக்காக அந்தப் பெண்கள் தைத்ததை 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் மாட்டியது. 2006ல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளைத் தபால் தலையாக வெளியிட்டது. அவர்களுடைய கோடுகள் எதுவும் நேராக இல்லை. ஒரு பட்டை போகப்போக அகலும், இன்னொன்று நடுவழியில் நிறம் மாறும். ஆனாலும் கண் நகர மறுக்கும்.

'ஆஹா, கோணலாக இருந்தால் போதுமா, அது நமக்குக் கைவந்த கலையாயிற்றே' என்று தோன்றியது. செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சதுரத்துக்குள் சதுரமாகக் கூரை போல் அடுக்கும் 'ஹவுஸ்டாப்' போர்வை ஒன்றின் படத்தை எடுத்து, கிராஃப் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பட்டையும் எத்தனை நூல் சாய்ந்திருக்கிறது என்று அளந்து, அதே அளவு சாய்வாக ஸ்கேல் வைத்து வெட்டினேன். அளவுகோலே தொடாமல் பிறந்த ஒரு போர்வையை அளவுகோலால் நகலெடுத்த ஆள் நானாகத்தான் இருப்பேன். தைத்து முடித்துச் சுவரில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஆணியைச் சரிசெய்யப் போனார்கள்.

அந்த ஊரில் லொரெட்டா பெட்வே என்பவர் தைத்த போர்வைகள் பெரும் புகழ் பெற்றவை. அவருக்குத் தைப்பதே பிடிக்காதாம். குளிரில் நடுங்கும் பிள்ளைகளுக்காக வேறு வழியில்லாமல் தைத்தவர். எனக்குத் தைக்க ரொம்பப் பிடிக்கும். கோயம்புத்தூரில் மார்கழியைத் தவிர்த்தால் யாருக்கும் குளிர்வதில்லை.

மிசௌரி பெட்வே என்பவர் 1942ல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார், அவர் நினைவோடு போர்த்திக்கொள்வதற்காக. இதைப் படித்து நெகிழ்ந்துபோய், பீரோவின் அடித்தட்டில் கிடந்த என் சஃபாரி சூட்டுகளை எடுத்தேன். மேலாளராக நான் உட்கார்ந்து கடன்களை மறுத்த காலத்துத் துணி அவை. அத்தனையும் பாலியெஸ்டர். ஊசி வழுக்கியது. தையலைப் படியவைக்க இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்தேன். காலர் உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. அது உறிஞ்சாத வியர்வையை முப்பது வருஷம் நான்தான் சுமந்தேன்; இனிப் போர்த்திக்கொள்பவர் தலையிலும் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மனைவி வந்தாள். நினைவுப் போர்வை என்று விளக்கினேன். "நீங்க இருக்கறப்பவே எதுக்குங்க?" என்றாள். சரிதானே.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரு கவசம் இருந்தது. அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள், குறையில்லாதவன் கடவுள் ஒருவனே என்று காட்டுவதற்காகப் போர்வையில் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். யாராவது என் போர்வையின் மூலை சேராததைக் காட்டினால், "அது பணிவு" என்பேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்த மகள்வழிப் பேத்தி போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, அது சும்மா கட்டுக்கதையாம். அதுக்கு ஆதாரமே இல்லைன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்படியே நிஜமா இருந்தாலும் போர்வைக்கு ஒரு தப்புதானே அப்புச்சி, இது ஃபுல்லா பணிவாவே இருக்கே?"

இப்போது சொல்லப்போவதைப் பேத்தியிடம்கூடச் சொல்லவில்லை. தார்வாடு பக்கம் வேலைபார்த்த காலத்தில் கடன் வசூலுக்காக ஹளியாள் தாலுகாவுக்குள் ஜீப்பில் போவோம். உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டோரங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துகீசியர் காலத்திலும் அதற்கு முன்னும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு வயதான அம்மா ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தார். வேலி மேல் இன்னொன்று காய்ந்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்த் துண்டுகள், ஒன்றை ஒன்று முண்டிக்கொண்டு. எங்களை உட்காரச் சொல்லி அந்த வேலிப் போர்வையை எடுத்து உதறித் திண்ணையில் விரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேன்ட் அழுக்காகிவிடும் என்று கையிலிருந்த செய்தித்தாளைப் பிரித்து அதன்மேல் போட்டு உட்கார்ந்தேன். போதாக்குறைக்கு, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கன்னடத்தில் கேட்டேன். பேரப்பிள்ளைக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் பெயர் கவந்தி. 2011ல் நியூயார்க்கின் ஷாம்பர்க் மையத்தில் சித்திப் பெண்களின் கவந்திகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அந்தச் செய்தியையும் செய்தித்தாளில்தான் பார்த்தேன். மடியில் கிடந்த தாளைச் சட்டென்று மடித்து வைத்துவிட்டேன்.

கவந்தியின் தையல் முறை கேட்கச் சுலபம். கீழே ஒரு பழைய புடவை. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை மடித்து, துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்து, ஓரத்துக்கு இணையாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரவேண்டும். துண்டுகளை முதலில் சேர்த்துக்கொண்டு அப்புறம் அடுக்குகளைத் தைப்பது என்று இரண்டு வேலை இல்லை, எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். அளவு கிடையாது. கால் அங்குல வேதமும் செல்லாது. கடைசியில் நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளை அடுக்கிப் 'பூலா' என்று ஒரு பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக நிற்கிறது என்று அர்த்தம்.

டேப்பை அலமாரியில் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தொடங்கினேன். கை சும்மா இருக்குமா? சாக்பீஸ் எடுத்து யாருக்கும் தெரியாமல் கோடு போட்டுக்கொண்டேன். அடித் துணியும் மேல் துணியும் ஒரே சீராகப் படியவேண்டும் என்று அந்தப் பெண்களின் உள்ளங்கைக்குத் தெரியும். தைக்கும்போதே நீவி நீவித் தள்ளுவார்கள். என் கண் கோட்டிலேயே இருந்ததால் உள்ளங்கை தூங்கிவிட்டது. நாலு பக்கமும் தைத்துக்கொண்டு வர வர, உபரித் துணியெல்லாம் போக இடமில்லாமல் நடுவில் திரண்டு நின்றது. வெளியே விட வழியில்லை; சுற்றிலும் நானே தைத்து அடைத்திருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "இதுக்கும் ரிட்டயர்மென்ட் தொப்பை வந்துருச்சுங்களா?" என்றாள். மூன்று மூலைக்குப் பூ வைத்தேன். நாலாவது மூலை எங்கே இருக்கிறது என்பதில் எனக்கும் துணிக்கும் கருத்து வேறுபாடு.

அன்று சாயந்திரம் அவள் என் துண்டு மூட்டையிலிருந்து கை நிறைய அள்ளிக்கொண்டு போனாள். கரித்துணி கிழிந்துபோயிற்றாம். டிவி பார்த்துக்கொண்டே, கண்ணாடிகூடப் போடாமல், பழைய துண்டு ஒன்றை உள்ளே வைத்து ஓட்டுத்தையல் போட்டாள். ஓரம் சுருங்கவில்லை, நடு எழும்பவில்லை, நிறங்கள் எதுவும் சண்டை போடவில்லை. எப்படி என்று கேட்டேன். "எங்கம்மா இப்படித்தானுங்க தைக்கும்" என்றாள். இத்தனை வருஷத்தில் மாமியார் தைப்பார் என்றே எனக்குத் தெரியாது. அலபாமா வரை போய் விசாரித்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டம்மா அந்தக் கரித்துணியைப் பார்த்துத் தனக்கும் ஒன்று கேட்டார். எதிர்வீட்டில் மிதியடிக்குச் சொல்லியிருக்கிறார்கள். துணி வெட்டித் தரும் வேலை எனக்கு. சம்பளம் கேட்டேன்; காபி உண்டு என்றாள். சக்கரக் கத்தியால் ஸ்கேல் வைத்து நான் வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் அவள் வாங்கி, கத்தரியால் ஓரத்தில் ஒரு சீவல் சீவிவிட்டுத்தான் தைக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "உங்க சதுரத்துக்கு ஒரு பக்கம் கூடிப்போகுதுங்க" என்கிறாள்.